பெரும்பாடு: காரணம் பார்க்காமல் கர்ப்பப்பையை எடுக்கலாமா?

விவசாய நிகழ்ச்சியில் பெண்கள் சமாச்சாரம் எதற்கு என்று திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் நடுவதும், களை எடுப்பதும், பருத்தி எடுப்பதும் யார்? ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்குவது யார்? அந்த அம்மா மாதத்தில் பத்து நாள் உதிரம் போய், வரப்பில் மூச்சு வாங்க உட்கார்ந்தால் அது வீட்டுக்கே வந்த கஷ்டம்தானே.

மாதவிலக்கு 24 நாள் முதல் 38 நாளுக்குள் ஒரு தடவை வரலாம். எட்டு நாளுக்குள் நின்றுவிட வேண்டும். பெரியவளான முதல் இரண்டு, மூன்று வருஷம் நாள் முன்னே பின்னே ஆவது சகஜம். ஆனால் மணிக்கு ஒரு துணி நனைந்தாலோ, உறைந்து கட்டி கட்டியாக விழுந்தாலோ, இரண்டு விலக்குக்கு நடுவிலும் பட்டாலோ அது சரியில்லை. இதைத்தான் நம் ஊரில் பெரும்பாடு என்கிறோம். "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும், தானா நின்னுடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை நம்பி இரண்டு வருஷம் ஓட்டிவிடுகிறார்கள். அதற்குள் உடம்பில் ரத்தம் வற்றிவிடுகிறது.

வெங்காயத் தாள் சுருண்டால் அது திருகல் நோயா, இலைப்பேனா என்று பார்த்துத்தானே மருந்தடிக்கிறோம்? பெரும்பாடும் அப்படித்தான். அது ஓர் அடையாளம்; காரணம் வேறு எங்கோ இருக்கும். கர்ப்பப்பையில் சதைக்கட்டி இருக்கலாம். உள்சுவரில் சிறு சதை வளர்ந்து தொங்கலாம். சுவரே தடித்துப் போயிருக்கலாம். கர்ப்பப்பையில் ஒரு குறையும் இல்லாமல் தைராய்டு சுரப்பி மந்தமாக இருந்தாலும் உதிரம் கூடும். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு மூன்று, நாலு மாதம் வராமல் இருந்து பிறகு கொட்டும். காப்பர்-டி போட்டவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க இருதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அதிகம் போகலாம். சின்னப் பெண்ணுக்கு முதல் விலக்கிலிருந்தே அடங்காமல் போனால், ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலருக்குப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுதான்.

இத்தனை காரணம் இருக்க, வைத்தியம் எப்படி ஒன்றாக இருக்கும்?

டாக்டர் முதலில் கர்ப்பமா என்று சிறுநீரைச் சோதிப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், கரு கலைவதும், கரு குழாயில் தங்குவதும் உதிரமாகத்தான் தெரியும். அடுத்து ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். எட்டுக்குக் கீழே போனால் கடுமையான சோகை. பிறகு தைராய்டு சோதனை, ஸ்கேன். 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சதையில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இந்தச் சதைப் பரிசோதனைக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் வலிக்கும், உண்மைதான். ஆனால் உள்ளே புற்று இருக்கிறதா என்று ஸ்கேன் மட்டும் உறுதியாகச் சொல்லாது.

விலக்கு நின்று ஒரு வருஷம் கழிந்த பின் ஒரு சொட்டு பட்டாலும் அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த வாரமே போக வேண்டும்.

இதையெல்லாம் பார்க்காமல், "கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டது" என்று முடிவு கட்டுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி கூலியில் பிடிப்பார். 2019-இல் அரசு குழு அமைத்து, 82,000-க்கு மேற்பட்ட பெண்களைக் கணக்கெடுத்ததில் 13,000-க்கு மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் என்று தெரிந்தது. நம் பக்கமும் கரும்பு வெட்டு உண்டு, கூலியும் உண்டு; யோசித்துப் பாருங்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் நாற்பது வயதுக்குள்ளேயே எலும்பு தேயத் தொடங்கும், இருதய நோயும் நெருங்கும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பலருக்கு உதிரத்தைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, ஹார்மோன் கலந்த லூப் இவற்றிலேயே அடங்கிவிடும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குச் சோதனை இன்னும் சுலபம். காடி போன்ற திராவகத்தைத் தடவிப் பார்த்தால் கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 30 வயதிலிருந்து 59 வயது வரை உள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் இப்படிப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான கணக்குப்படி, சோதனை செய்த ஊர்களில் இந்தப் புற்று கால் பங்கும், அதனால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கும் குறைந்தது. உதிரம் நின்ற நாளில் போய் இதைச் செய்துகொள்ளலாம்.

பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது காலண்டரில் மூன்று மாத விலக்குத் தேதியைக் குறித்து, சாப்பிடும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், "என்ன காரணம், சதைப் பரிசோதனை ஆச்சா, மாத்திரையில் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரும் கூடப் போய்க் கேட்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சாப்பிடாமல், எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடச் சொல்லுங்கள்.