நீல் சைமனும் பொஸ்டன் விமர்சகரும்

சபை சிரித்தால் விமர்சகர் முகம் சுளிப்பார் என்றொரு பேச்சு நாடக உலகில் உண்டு. அமெரிக்க நாடகாசிரியர் நீல் சைமனைப் பார்த்தால் அது மெய்தானோ என்று தோன்றும். 1966ஆம் ஆண்டின் முடிவில் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்குகளில் அவருடைய நான்கு படைப்புகள் ஒரே சமயத்தில் ஓடின. 1983இல் ஓர் அரங்குக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆயினும் 'பகிடி எழுதுபவர்' என்ற முத்திரை இலேசில் அழியவில்லை. நாடகத்துக்கான புலிட்சர் பரிசு 1991இல், அவருடைய 63ஆவது வயதில்தான் வந்தது.

இதைக் கொண்டு விமர்சகர்களை ஏசுவோருடன் நான் சேரமாட்டேன். காரணம், 'த ஒட் கபிள்' என்ற நாடகம். 1965இல் நியூயோர்க் செல்லுமுன் அது பொஸ்டனில் மேடையேறியது. முதலிரு அங்கங்களுக்கும் சபை குலுங்கிச் சிரித்தது. மூன்றாவது அங்கம் சோர்ந்து விழுந்தது. சைமன் அதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார், சரிவரவில்லை. எலியட் நோர்ட்டன் என்ற உள்ளூர் விமர்சகர், "இரண்டாம் அங்கத்தில் வந்த பிஜன் சகோதரிகள் எங்கே போனார்கள்?" என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். சகோதரிகள் இருவரும் மூன்றாம் அங்கத்தில் மீண்டும் வந்தார்கள், நாடகம் நிமிர்ந்தது. சைமனுக்கு அவ்வாண்டின் டொனி விருதும் கிடைத்தது.

நோர்ட்டன் செய்த உதவியை, 1996இல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்புகளில் சைமன் மறவாமல் எழுதியிருக்கிறார்.