தரையில் வந்து உட்காருங்கள்



உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குச் சொல்லும் மதிப்பீட்டின்படி, 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. இந்தப் புத்தகத் திருவிழாப் பந்தலில் ஆயிரம் பேர் இருக்கிறோம் என்றால், கணக்குப்படி ஏழெட்டுப் பேர். அவர்களுடைய வீட்டார், பக்கத்து வீட்டார், வகுப்புத் தோழர்கள், ஆசிரியர்கள் என்று சேர்த்துப் பாருங்கள். இந்தப் பேச்சோடு சம்பந்தமில்லாதவர் என்று இங்கே யாருமே இருக்க முடியாது.

நான் ஒரு சிறப்பாசிரியர். மருத்துவ விளக்கம் சொல்ல இந்த மேடைக்கு வரவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பொழுது விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை நாள் எப்படிப் போகிறது, அதை எப்படிக் கொஞ்சம் லேசாக்கலாம், அந்த நாளுக்குள்ளேயே குழந்தை எப்படிக் கற்றுக்கொள்ளும் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் பெற்றோர் தெரபி சென்டரைத் தேடி ஓடுகிறார்கள். ஓடத்தான் வேண்டும். ஸ்பீச் தெரபியும் வேண்டும், ஆக்குபேஷனல் தெரபியும் வேண்டும், சிறப்புக் கல்வியும் வேண்டும். ஆனால் அதெல்லாம் வாரத்தில் சில மணி நேரம். மீதி நேரம் முழுக்கக் குழந்தை யாரோடு இருக்கிறது? அம்மாவோடு, அப்பாவோடு, ஆயாவோடு, தாத்தாவோடு. அந்த மணி நேரங்கள் வீணானவை என்றும், கற்பிப்பது நிபுணரின் வேலை என்றும் பெற்றோரை நம்ப வைத்திருக்கிறோம். அது தவறு.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு ஓர் ஆய்வு நடந்தது. 2015 இறுதியில் அதன் முடிவுகள் வெளிவந்தன. இங்கிலாந்தில் உருவான ஒரு பயிற்சிமுறையை நம் தெற்காசியக் குடும்பங்களுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு அவர்களோடு உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். 'இதோ, இந்த இடத்தில் குழந்தை பந்தை உங்கள் பக்கம் நகர்த்தியது, கவனித்தீர்களா?' என்று காட்டினார்கள். அவ்வளவுதான் வைத்தியம். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பேசப் பழகினார்கள். குழந்தைகள் தாமாகவே பெற்றோரை அணுகித் தொடர்பை ஆரம்பிப்பது அதிகமானது. எல்லாவற்றிலும் முன்னேற்றம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், வரவில்லை. ஆனால் வீட்டில், தரையில், பெற்றோர் விளையாடும் விளையாட்டுக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதை அந்த ஆய்வு காட்டியது.

அந்த விளையாட்டுக்கு விலை கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் கைக்குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைவார்களே, நினைவிருக்கிறதா? அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய் என்று ஒவ்வொரு விரலாக ஊட்டி, கடைசியில் நண்டும் நரியும் கைமேல் ஊர்ந்து வந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இதில் ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே வரிசை. அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரியும். தெரிவதால் பயமில்லை. சில நாள் விளையாடிப் பழகிய பிறகு, நரி முழங்கை வரைக்கும் வந்ததும் நிறுத்துங்கள். கிச்சுக்கிச்சு மூட்டாதீர்கள். ஒன்றும் பேசாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள்.

அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் ஏதோ ஒன்று நடக்கும். குழந்தை உங்கள் கையைப் பிடித்து மேலே இழுக்கலாம், ஒரு சத்தம் கொடுக்கலாம், உடம்பை நெளிக்கலாம், ஒரு நொடி உங்கள் முகத்தைப் பார்க்கலாம். அதுதான் பேச்சு. 'இன்னும் வேண்டும்' என்று உங்களிடம் சொல்கிறது. உடனே நரியை மேலே ஏற்றுங்கள். முகத்தைத் திருப்பி 'என்னைப் பார், என்னைப் பார்' என்று வற்புறுத்தாதீர்கள். கண்ணைப் பார்ப்பது பல குழந்தைகளுக்கு உண்மையிலேயே சிரமம். அவர்கள் கேட்பதற்குக் கண்தான் வழி என்று சட்டம் ஏதுமில்லை. மெல்லத் தொடுவது பிடிக்காத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குக் கிச்சுக்கிச்சுக்குப் பதிலாகத் தோளை அழுத்தமாகப் பிடித்துவிடுங்கள்.

காத்திருப்பது எளிது என்று தோன்றும். செய்து பாருங்கள். நம் நாட்டில் பெரியவர்களுக்குக் குழந்தை முன்னால் வாயை மூடிக்கொண்டிருப்பது மிகவும் கஷ்டம்.

அடுத்தது, குழந்தை என்ன விளையாடுகிறதோ அதில் நாம் போய்ச் சேர்வது. ஒரு பையன் மணிக்கணக்காகப் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்குகிறான். பிடுங்கி வைத்துவிட்டு 'ஒழுங்கா விளையாடு' என்று காரைக் கையில் கொடுக்கிறோம். அவன் அலறுகிறான். அப்படிச் செய்யாமல் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். நீங்களும் ஒரு வரிசை அடுக்குங்கள். சில நாளில் அவன் உங்கள் வரிசையைப் பார்ப்பான். பிறகு அவனுக்கு வேண்டிய மூடி உங்கள் கையில் இருக்கட்டும், கேட்டால் கொடுங்கள். பிறகு சிவப்பு மூடி ஒரு வரிசை, நீலம் ஒரு வரிசை. அமெரிக்காவில் ஸ்டான்லி கிரீன்ஸ்பான் என்ற மனநல மருத்துவர் இப்படித் தரையில் உட்கார்ந்து குழந்தையின் விருப்பத்தைப் பின்தொடர்வதையே ஒரு முறையாக வகுத்தார். பஸ் மீது பைத்தியமாக இருக்கும் குழந்தைக்கு எழுத்தறிவை எங்கே தொடங்குவது? பஸ்ஸின் பெயர்ப் பலகையில்தான். எண்ணும் அங்கேயே இருக்கிறது, ஊர்ப்பெயரும் அங்கேயே இருக்கிறது.

பல்லாங்குழியைப் பரணிலிருந்து இறக்குங்கள். புளியங்கொட்டையை இரண்டு விரலால் எடுப்பது நாளைக்குப் பென்சில் பிடிக்கும் கைக்கான பயிற்சி. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவது எண்ணுவதற்கான பயிற்சி. 'இப்போ நீ, அடுத்து நான்' என்பது, எந்த வகுப்பறையிலும் உட்காருவதற்கான பயிற்சி. முதல் நாளே முழு ஆட்டமும் வேண்டாம். குழியில் போட்டால் போதும், அதுவே ஆட்டம். தோற்பதைத் தாங்குவது கடைசிப் பாடம், அதற்கு மாதங்கள் ஆகட்டும். எதையும் வாயில் போடும் பழக்கமுள்ள குழந்தையாக இருந்தால் புளியங்கொட்டையும் சோழியும் வேண்டாம். விழுங்க முடியாத பெரிய பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலையும் இதே கணக்கில்தான் வரும். ஏன் என்று சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள பலருக்குச் சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுகை எல்லாம் நமக்கு வருகிற அளவில் வருவதில்லை. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற குழந்தை நடிக்கவில்லை, அதற்கு வலிக்கிறது. சட்டைக் காலரில் தைத்திருக்கும் லேபிள் நாள் முழுக்கக் குத்துகிறது. அதே உடம்புக்கு அழுத்தமும் பளுவும் ஆறுதல் தருவதுண்டு. ஆட்டிசம் உள்ள விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின், இளம் வயதில் மாடுகளை நிறுத்தும் அழுத்துக்கூண்டைப் பார்த்து, தன் உடம்பை அழுத்தி அமைதிப்படுத்தும் ஓர் இயந்திரத்தைத் தானே செய்துகொண்டார். நம் வீட்டுக்கு இயந்திரம் வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையட்டும். நனைந்த துணியைப் பிழியட்டும். தண்ணீர்க் குடத்தை, தூக்க முடிகிற அளவுக்கு நிரப்பி, தூக்கிக்கொண்டு வரட்டும். பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் இப்படி உடம்புக்கு வேலை கொடுத்தால் வகுப்பில் உட்காருவது எளிதாகிறது என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். குழந்தை வீட்டு வேலையும் கற்றுக்கொள்கிறது.

அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதைக் குழந்தைக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஒரு அட்டை, சில படங்கள்: பல் துலக்குவது, குளிப்பது, இட்லி, வேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் படத்தை எடுத்துப் பெட்டியில் போட வேண்டியது. கடிகாரமும் சொற்களும் தராத தெளிவை இந்தப் படங்கள் தருகின்றன. எரிக் ஷாப்லர் என்பவர் வட கரோலினாவில் 1972இல் தொடங்கிய டீச் திட்டத்தின் அடிப்படையே இதுதான். ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பழிக்கப்பட்ட பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, சக ஆசிரியராக்கியவரும் அவர்தான். நம் வீட்டு அட்டையில் இரண்டு படங்கள் கூடுதலாக வேண்டும்: ஒன்று 'கரண்ட் போயிருச்சு', இன்னொன்று 'இன்னைக்கு மாத்திட்டோம்'. மாற்றத்துக்கும் ஒரு படம் இருந்தால் மாற்றம் அவ்வளவு பயமுறுத்தாது. முடி வெட்டுவதற்கு முந்தின வாரமே வீட்டில் சலூன் விளையாட்டு ஆடுங்கள். முதலில் பொம்மைக்கு, பிறகு அப்பாவுக்கு, பிறகு குழந்தைக்குச் சீப்பு மட்டும்.

பேச்சு வராத குழந்தைக்குப் படத்தைக் கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொடுங்கள் என்றால், 'அப்புறம் குழந்தை பேசவே பேசாது' என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. படமும் கருவியும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் சொல்லவில்லை. படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ஆவாஸ் என்ற கருவி உருவானது நம் சென்னையில்தான். அஜித் நாராயணன் என்ற பொறியாளர், வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உருவாக்கினார். தாகம் என்று சொல்ல வழியில்லாத குழந்தை அடிக்கும், கடிக்கும். வழி கிடைத்தால் அந்த அடி குறையும்.

இனி, பொது இடத்தில் நடப்பது. பஸ்ஸில் ஒரு குழந்தை தரையில் விழுந்து அலறுகிறது. அடம் என்றால் கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். இது நிற்காது, ஏனென்றால் இது தாங்க முடியாமல் உடைவது. அந்த நேரத்தில் பாடம் எடுக்க முடியாது, மிரட்டவும் முடியாது. பெற்றோர் செய்ய வேண்டியது, சொற்களைக் குறைப்பது, குரலைத் தாழ்த்துவது, வெளிச்சமும் கூட்டமும் இல்லாத ஓரத்துக்கு நகர்வது. நாம் செய்ய வேண்டியது, நகர்ந்து இடம் விடுவது, மொபைலைச் சட்டைப்பைக்குள் வைப்பது, 'ரெண்டு போடு போட்டா சரியாயிடும்' என்ற வார்த்தையை விழுங்கிவிடுவது.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்தக் குழந்தைகளில் பலர் திடீரென்று வீட்டை விட்டு வெளியேறி நடந்துவிடுவார்கள், பலருக்குத் தண்ணீர் மீது தீராத ஈர்ப்பு. இப்படிப் போகும் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது உலகெங்கும் நடக்கிறது. கிணறும் குளமும் வாய்க்காலும் உள்ள ஊர் நம்முடையது. கழுத்திலோ சட்டையிலோ தொலைபேசி எண் இருக்கட்டும். நீச்சல் கற்றுக்கொடுங்கள். தெருவில் எல்லோருக்கும் குழந்தையை அறிமுகப்படுத்தி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சென்ற நூற்றாண்டில் ப்ரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள், தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று எழுதினார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, 1964இல் எழுதிய நூலில் அதை மறுத்து, இது உயிரியல் காரணங்களால் வருவது என்று நிறுவ முற்பட்டார். அறிவியல் அவர் பக்கம் நின்றது. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் அந்தப் பழைய குற்றச்சாட்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 'நீ வேலைக்குப் போனே, அதான்', 'நீ செல்போன் கொடுத்தே, அதான்'. தாய்மார்களே, உங்களால் வந்ததில்லை. குணப்படுத்திவிடுகிறேன் என்று லட்சங்கள் கேட்பவரிடம் போகாதீர்கள். ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து இதுவரை இல்லை. அப்பாமார்களே, பணம் கட்டுவதோடு உங்கள் பங்கு முடியவில்லை, நீங்களும் தரையில் உட்கார வேண்டும். கூடப் பிறந்த குழந்தைக்கென்று தனியாகக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். எல்லா விளையாட்டையும் பாடமாக்கிவிடவும் வேண்டாம். சில மாலைகளில் சும்மா சிரித்தால் போதும்.

உதவி இருக்கிறது. மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் பட்டியலிட்டு, பள்ளிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. படிக்க விரும்புவோருக்கு, ஆட்டிசம் உள்ள சிறுவனை மையமாக வைத்து யெஸ். பாலபாரதி எழுதிய 'துலக்கம்' நாவல் தமிழிலேயே இருக்கிறது.

நிறைவாக உங்களிடமும் விழாக் குழுவினரிடமும் இரண்டு கோரிக்கைகள். உங்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்கு உங்கள் தெருவில் இருக்கும் அந்தக் குழந்தையை அழையுங்கள். பலூன் உடைக்காமல், பாட்டைக் குறைத்து வைத்து அழையுங்கள். அடுத்த ஆண்டு இந்தப் புத்தகத் திருவிழாவில் ஒரே ஒரு காலைப்பொழுதை ஒலிபெருக்கி இல்லாமல், கூட்டத்தைக் குறைத்து, இந்தக் குடும்பங்களுக்காக ஒதுக்குங்கள். குழந்தைகள் புத்தகத்தை வரிசையாக அடுக்கினால் கடைக்காரர்கள் தடுக்க வேண்டாம். அந்தக் காலைக்கான ஏற்பாடுகளில் உதவ நானும் என் சக ஆசிரியர்களும் தயாராக இருக்கிறோம். விழாக் குழுவினர் அந்தத் தேதியை அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.