உடைந்த தடுப்பணையும் உறங்கும் ஆட்சியும்

 

விழுப்புரம் மாவட்டத்தில் தளவானூர் என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு உள. ஒன்று செஞ்சிக்கு அருகிலுள்ளது. அங்கே ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்தெடுத்த சத்துருமல்லேச்சுரம் இன்றும் நிற்கின்றது. மற்றொன்று விழுப்புரத்துக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையிலுள்ளது. அங்கே ஏனாதிரிமங்கலத்தை நோக்கி ஏறத்தாழ 25 கோடி உரூபாச் செலவில் ஒரு தடுப்பணை கட்டப்பெற்று, 2020ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 2021 சனவரியிலேயே அஃது உடைந்தது. அவ்வாண்டு நவம்பர் வெள்ளத்தில் மேலும் சிதைந்தது. கரையரிப்பைத் தடுக்கவென்று எஞ்சியதை அரசே வெடிவைத்துத் தகர்த்தது.

குடைவரை மலைப்பாறை, அணையோ ஆற்று மணலில் எழுந்தது. இரண்டையும் ஒன்றாக நிறுத்தல் பொருந்தாது என்பர் சிலர். மெய்யே! ஆயின் மணலில் கட்டுவோன் மணலின் இயல்பை அறிந்தன்றோ கட்டல் வேண்டும்? மகேந்திரவர்மன் தன் பெயரைக் கல்லிற் பொறித்துத் தன் செயலுக்குத் தானே சான்றாய் நின்றான். இன்றோ, திறப்பு விழாக் கல்லில் பெயர் பொறிக்க முந்துவோர் பலர். உடைந்தபின் விடைசொல்ல முந்துவோர் எவர்? பொறியாளர் சிலரைப் பணியிடை நீக்கியதோடு கடமை முடிந்ததா? ஆணையிட்ட கைக்குப் பொறுப்பில்லையா?

அணை போனது போகட்டும். ஆட்சி பாடம் கற்றதா? 30.11.2024 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாள் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பொழிந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு எழுவரை விழுங்கியது. திசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. பெண்ணைக் கரை ஊர்கள் நீரில் மூழ்கின.

முறையான முன்னறிவிப்பு இல்லை என்றனர் எதிர்க்கட்சியினர். ஐந்து முறை அறிவித்தோம் என்றது அரசு. ஐந்தா, ஐம்பதா என்பதன்று வினா. உறங்கிக் கிடந்த உழவன் செவியில் அது விழுந்ததா என்பதே வினா! ‘ரெட் அலர்ட்’ என்றும் ‘கியூசெக்ஸ்’ என்றும் சொன்னால் ஆடுமாடு கட்டியிருப்பவனுக்கு என்ன விளங்கும்? ‘இன்றிரவு உன் தெருவில் இடுப்பளவு நீர் வரும்; மேட்டுக்குச் செல்’ என்று தாய்மொழியில் தமுக்கடித்துச் சொல்வதன்றோ அறிவிப்பு? மொழி இங்கே மேடைப் பேச்சன்று, உயிர்காக்கும் கருவி. மறுநாள் இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர்மேல் சேறு வீசப்பட்டது. சேறு வீசுதல் முறையன்று. ஆயினும் அது மக்கள் நெஞ்சின் கொதிப்பைக் காட்டிற்று.

தில்லியின் செயலோ இதனினும் கொடிது. மாநிலம் உடனடியாகக் கேட்டது 2,000 கோடி. விடுத்தது 944.80 கோடி, அதுவும் அவ்வாண்டுப் பேரிடர்த் தொகையில் முறைப்படி வரவேண்டிய பங்கே. மேலும் 522.34 கோடிக்கு இசைவு வந்தது 2025 ஏப்பிரலில்! வெள்ளம் வடிந்து, அடுத்த கோடையும் வந்தபின் கிடைக்கும் உதவி யார் கண்ணீரைத் துடைக்கும்?

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஏரி வாரியத்துக்கு ஊரார் குடவோலையால் ஆள் தேர்ந்தமையையும், கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாமையையும் அவை கூறுகின்றன. அந்த முறையிலும் குறைகள் இருந்தன. எல்லார்க்கும் அதில் இடமில்லை. ஆயினும் நீரைக் காப்பவன் ஊருக்கு விடைசொல்ல வேண்டும் என்னும் நெறி அதில் இருந்தது.

அந்நெறியே இன்று வேண்டுவது. ஆற்றங்கரை ஊர்தோறும் நீர்க்காப்புக் குழு அமைக! அணை திறக்குமுன் ஊர்தோறும் நல்ல தமிழில் அறிவித்துச் சான்று பெறுக! ஒவ்வொரு நீர்க்கட்டுமானத்தின் செலவும், செய்தார் பெயரும், பொறுப்பும் அவ்வூர்ப் பொதுவிடத்தில் எழுதப்பெறுக! அடுத்த மழை அரசின் கோப்பு நகரும்வரை காத்திராது. தமிழர் கேட்டாலன்றி ஆட்சியும் விழிக்காது. எனவே, கேளுங்கள், விடை வரும்வரை ஓயாது கேளுங்கள்!