கர்ப்பிணித் தாயின் கணக்கும் குழந்தையின் உயிரும்

(கிராமத் தம்பதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்று சொன்னாலே, 'இவங்க எத்தனை பிள்ளை பெத்துக்கணும்னு சொல்ல வந்திருக்காங்க' என்று நீங்கள் நினைப்பீர்கள். இன்று அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பால் சொசைட்டியில் அரை லிட்டர் குறைத்து எழுதினால் நீங்கள் சும்மா விடுவீர்களா? கூலியில் ஒரு நாளை விட்டுவிட்டால் விடுவீர்களா? சண்டை போட்டுத் திருத்தி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவீர்கள். ஆனால் நர்ஸம்மா நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால் மட்டும், "போட்டுக்கங்கம்மா, ஏதோ ஒண்ணு" என்று சொல்லிவிடுகிறோம். மாசம் தப்பிச் சொல்கிறோம். பழைய போன் நம்பரைக் கொடுக்கிறோம். 'இவங்க எழுதறதாலே நமக்கு என்ன ஆகப்போகுது?' என்கிற நினைப்பு. என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். கணவருக்குச் சென்னையில் வேலை. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் விடியற்காலையில் பெட்டி இறக்குகிறார். மாதம் ஒரு முறை ஊருக்கு வருவார். மனைவி புகுந்த வீட்டில் இருக்கிறாள். இப்போது மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். நர்ஸம்மாவிடம் பதிவு செய்தாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, ரத்தசோகை, மேக நோய் ஆகியவற்றோடு எச்.ஐ.வி.க்கும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உள்ள பரிசோதனை. யார் மேலும் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை.

பிறகு வளைகாப்பு. வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு அழைத்துப் போகிறார்கள். பிறந்த வீடு வேறு தாலுகா. நம் வழக்கம் இது, நல்ல வழக்கமும்கூட. ஆனால் கணக்குக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறில்லை!

எல்லாம் வெறும் நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புகுந்த ஊர் நோட்டில் 'ஊரில் இல்லை' என்று ஒரு வரி. பிறந்த ஊர் நோட்டில் அவள் புதிய ஆள். ஒரே தாய் இரண்டு கணக்கு ஆகிவிட்டாள். பரிசோதனை முடிவு ஒரு ஊரில், பிரசவம் இன்னொரு ஊரில். கணவர் சென்னையில், அவர் எந்த நோட்டிலும் இல்லை.

அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்திருந்தால்? அவள் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். கையிலிருந்த மாத்திரை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பிறந்த வீட்டில் சொல்லக் கூச்சம். அந்த ஊர் நர்ஸம்மாவுக்கும் விஷயம் தெரியாது. குழந்தை பிறந்தவுடன் அதற்குக் கொடுக்க வேண்டிய தடுப்பு மருந்து கொடுக்கப்படாமல் போகும். ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி அட்டையில் எடுக்க வேண்டிய ரத்தம் எடுக்கப்படாமல் போகும். யாரும் வேண்டுமென்று செய்த தவறு இல்லை. ஆனாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து வந்துவிட்டது.

சிகிச்சை ஒன்றுமே இல்லாவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் பெறும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குக் கிருமி தொற்றலாம். கர்ப்பத்திலும், பிரசவத்திலும், தாய்ப்பாலிலும் தொற்றலாம். தாய் காலத்தோடு மருந்தைத் தொடங்கி விடாமல் சாப்பிட்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், அது 100க்கு 5க்கும் கீழே வந்துவிடும். மருந்து இலவசம். 2014 முதல் நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஆயுள் முழுவதும் இந்தச் சிகிச்சை உண்டு. ஆக, மருந்துக்குப் பஞ்சமில்லை. அந்த மருந்தும் அந்தத் தாயும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்வதுதான் கணக்கின் வேலை.

இதற்காகத்தான் உங்களுக்கு 12 இலக்கத்தில் ஓர் எண் கொடுக்கிறார்கள். ஆர்.சி.எச். எண் என்று சீட்டில் இருக்கும். நம் பக்கத்தில் பிக்மி நம்பர் என்பார்கள். 'பிறப்புச் சான்றிதழ் வாங்க அது வேணுமாம்' என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அதன் பயன் என்னவென்றால், நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் உங்கள் கர்ப்பக் கணக்கு உங்களோடு வரும். பிறந்த ஊரில் அந்த எண்ணைச் சொன்னால் நீங்கள் புதிய ஆள் இல்லை. எத்தனை ஊசி போட்டாயிற்று, ரத்தம் எவ்வளவு இருக்கிறது, பிரசவத் தேதி எது என்று அங்கே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். எண்ணை மறந்துவிட்டு இரண்டாவது எண் வாங்கிவிடாதீர்கள். அட்டையை வளையல் பெட்டியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.

எச்.ஐ.வி. சிகிச்சைக்கு இருப்பது வேறு கணக்கு, தனிக் கணக்கு. அதை நம்பிக்கை மையமும் ஏ.ஆர்.டி. மையமும் பார்த்துக்கொள்ளும். ஊர் மாறுகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால், பிறந்த ஊருக்குப் பக்கத்து மையத்தில் மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்வார்கள். சொல்லாமல் போனால்தான் சிக்கல்.

"இதெல்லாம் சரிங்க, ஆனா நம்ம ரத்தத்தை எடுத்து என்னென்னமோ எழுதிக்கிறாங்களே, அதை நம்பலாமா?" என்று ஒரு பெரியவர் போன கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் சொன்னேனே சிந்தாதிரிப்பேட்டை, அங்கிருந்து கூவம் ஆற்றைத் தாண்டினால் நடந்து போகிற தூரத்தில்தான் சென்னை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே டாக்டர் சுனிதி சாலமன் என்ற அம்மையார் பேராசிரியர். அவரிடம் படித்த மாணவி செல்லப்பன் நிர்மலா. இந்தியாவில் எய்ட்ஸ் நோய் இல்லை, அது வெளிநாட்டு நோய் என்று பலர் நம்பிய காலம் அது. எண்ணிப் பார்க்காமல் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டவர் டாக்டர் சுனிதி. நிர்மலா 200 பேரிடம் ரத்தம் எடுப்பதாகத் திட்டம். மயிலாப்பூரில் பெண்களைத் தங்கவைத்திருந்த அரசு விடுதிக்குப் போய் எடுத்தார். நிர்மலாவுக்கு இரண்டு குழந்தைகள். கணவர்தான் தைரியம் சொல்லி உதவியாக இருந்தார். எடுத்த ரத்தத்தை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள்! 80க்கு மேல் சேர்ந்ததும், 1986 பிப்ரவரியில், கணவனும் மனைவியுமாக இரவு ரயிலில் காட்பாடிக்குப் போய், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். ஆறு குழாய்களில் நிறம் மாறியது. பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்ததிலும் உறுதியானது. அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். நாடே திடுக்கிட்டது.

அந்த ஆறு குழாய்களிலிருந்துதான் நம் நாட்டின் எச்.ஐ.வி. கணக்கு தொடங்கியது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அன்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. எனக்கு அது சரியாகவும் படவில்லை. நமக்கெல்லாம் பயன்பட்ட அந்தக் கணக்கில் யாரென்றே தெரியாத ஆறு பெண்களின் கடன் இருக்கிறது.

1994இல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது. 1998 முதல் நாடு முழுவதும் கண்காணிப்புக் கணக்கு எடுக்கத் தொடங்கினார்கள். அதை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில், மூன்று மாத காலத்தில் வரும் 400 கர்ப்பிணிகளிடம் வேறு பரிசோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மீதியை வைத்துக்கொண்டு, பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, வெறும் எண் போட்டுச் சோதித்தார்கள். இது யாருடைய ரத்தம் என்று சோதித்தவருக்கே தெரியாது. ஊருக்கு நோய் எவ்வளவு என்று மட்டும் தெரியும். தமிழ்நாடு உள்ளிட்ட தென்பகுதி மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள கர்ப்பிணிகளில், 2000இல் ஆயிரத்துக்கு 17 பேருக்கு இருந்தது, 2004இல் ஆயிரத்துக்கு 11 ஆகக் குறைந்தது. ஆணுறைப் பிரசாரமும் மற்ற வேலைகளும் வீண் போகவில்லை என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு சாட்சி ஆயிற்று.

கணக்கு தப்பானதும் உண்டு. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் எச்.ஐ.வி. உள்ளவர்கள் இருப்பதாக ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். பிறகு 2005-06இல் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய், சம்மதம் கேட்டு, சுமார் ஒரு லட்சம் பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கண்காணிப்பு இடங்களையும் அதிகமாக்கினார்கள். 2007இல் அந்த மதிப்பு ஏறக்குறையப் பாதியாக, 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. நோய் ஒரே வருஷத்தில் பாதியாகிவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை மட்டும் பார்த்து ஊர் முழுவதையும் கணக்குப் போட்டால் கூடிப்போகும். வீட்டு வாசலில் நின்று எண்ணினால்தான் உண்மை தெரியும். கணக்கெடுக்க வருபவரிடம் உங்களில் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொன்னதால்தான் எத்தனை பேருக்கு மருந்து வாங்க வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்தது.

சரி, ரகசியம்? இதுதானே உங்கள் பயம். 'சீட்டைப் பார்த்தா ஊருக்கே தெரிஞ்சிடும்' என்பார்கள். 2017இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடப்பில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. கோர்ட் உத்தரவு போன்று சட்டமே சொல்லும் சில காரணங்களைத் தவிர, உங்கள் சம்மதமின்றி முடிவை யாருக்கும் வெளியிடக் கூடாது. உங்கள் விவரங்களை வைத்திருப்பவர்கள் பத்திரமாக வைக்க வேண்டியது அவர்கள் கடமை. வேலையை விட்டு நீக்குவதும், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க மறுப்பதும் குறைதீர்ப்பாளரிடம் முறையிட வேண்டிய விஷயங்கள். ஆகவே யாராவது பலர் முன்னால் உங்கள் சீட்டைச் சத்தமாகப் படித்தால், "தனியாச் சொல்லுங்க" என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். அது உங்கள் உரிமை.

நம் பக்கத்து நாடான இலங்கையைப் பாருங்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் மேக நோயும் பரவுவதை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று கொடுத்தது. கியூபா 2015இலும், தாய்லாந்து 2016இலும் அந்தச் சான்றை வாங்கின. 'ஒழித்துவிட்டோம்' என்று வாயால் சொன்னால் சான்று தர மாட்டார்கள். 100 கர்ப்பிணிகளில் 95 பேராவது பரிசோதனைக்கு வந்தார்களா, கிருமி உள்ள தாய்மார்களில் 95 சதவீதம் பேருக்கு மருந்து போய்ச் சேர்ந்ததா என்று ஏட்டைக் காட்டச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துத் தாயும் மட்டக்களப்புத் தாயும் அந்த ஏட்டில் உண்டு.

இனி ஆண்களுக்குச் சில வார்த்தை. 'டெஸ்ட் எல்லாம் அவளுக்குத்தானே' என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மூன்றாம் மாதத்தில் மனைவிக்கு இல்லை என்று வந்தாலும், பிறகு கணவரிடமிருந்து தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஏனென்றால் அது யாருக்கும் தெரியாமல் நடக்கும். நீங்களும் ஒரு முறை பரிசோதனை செய்துகொண்டால் குடும்பக் கணக்கு முழுமையாகும். ஊரில் கூச்சமாக இருந்தால் வேலை செய்யும் ஊரிலேயே செய்துகொள்ளலாம். சிந்தாதிரிப்பேட்டையில் இருப்பவருக்குச் சென்னைப் பெரியாஸ்பத்திரி பக்கத்தில்தான். ஆலோசனை, பரிசோதனை இரண்டும் இலவசம். கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லையென்றால் அவளைக் குற்றவாளிபோல் பார்க்காதீர்கள்; மனைவிக்கு இருந்து கணவருக்கு இல்லையென்றாலும் அப்படியே. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவால் அது துணைக்குப் பரவாது. அந்த அளவை ரத்தப் பரிசோதனையில் எண்ணிச் சொல்வார்கள்.

குழந்தை பிறந்த பிறகு வருவதுதான் அதிகம் தவறுகிறது. ஆறாவது வாரம் தடுப்பூசிக்கு வரும்போதே அட்டையில் ரத்தம் எடுத்துவிடலாம். 'இல்லை' என்று முடிவு வந்தால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் சத்து குழந்தையின் உடம்பில் பல மாதம் தங்கும். அதனால் சாதாரணப் பரிசோதனை சரியாகச் சொல்லாது. 18 மாதத்தில் பார்ப்பதுதான் முடிவான பரிசோதனை. அதற்குள் தாய் புகுந்த வீட்டுக்குத் திரும்பியிருப்பாள், போன் நம்பர் மாறியிருக்கும். புது நம்பர் வாங்கினால் முதலில் மாமியாருக்குச் சொல்கிறீர்கள்; இரண்டாவதாக நர்ஸம்மாவுக்குச் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றி மையத்தில் சொல்வதைக் கேளுங்கள், பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இப்போது நர்ஸம்மா அந்த வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். கர்ப்பமாக இருப்பவர்கள் அட்டையில் எண் சரியாக இருக்கிறதா, பிறந்த வீட்டு ஊரின் பெயர் எழுதியிருக்கிறதா என்று அவரிடம் பார்த்துக்கொள்ளலாம். தனியாகக் கேட்க வேண்டியவர்கள் கூட்டம் கலைந்த பிறகு வரலாம். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை; பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.