வெங்காய சூப் கற்ற நாள்



பிரெஞ்சு சமையல் என்றால் பணக்காரர் வீட்டு விருந்து என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். ஒரு நாள் கூலியை விட்டு, தோட்டத்துப் பெண்கள் நால்வர் மஸ்ஜித் இந்தியாவில் சேலைக் கடைக்கு மேல்மாடியில் நடந்த வகுப்புக்குப் போனோம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் சமையல் பழகிய அம்மையார் மேசைமீது வைத்தவை: ஒரு கிலோ பெரிய வெங்காயம், கோழி எலும்பு, 50 கிராம் வெண்ணெய், காய்ந்துபோன ரொட்டி. இதற்கா கூலியை இழந்தோம் என்றிருந்தது.

அது பிரான்சு நாட்டில் ஏழை எளியவர்கள் குடித்துவந்த சூப்பாம். வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, வெண்ணெயில், சிறு நெருப்பில் முக்கால் மணி நேரம் வதக்க வேண்டும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் கருகிக் கசக்கும். பொறுத்திருந்தால் வெங்காயத்திலுள்ள சர்க்கரையே பழுப்பேறி இனிக்கும். பிறகு எலும்பு வேகவைத்த நீர் ஒன்றரை லிட்டர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, சுட்ட ரொட்டித் துண்டுகளை மேலே மிதக்கவிட வேண்டும். அவர்கள் மாட்டெலும்பும் திராட்சை மதுவும் சேர்ப்பார்கள்; நமக்குக் கோழி எலும்பும் ஒரு கரண்டி காடியும் போதும். சீஸ் விலை அதிகம், விட்டுவிடலாம். எங்களில் ஒருவர் மிளகையும் தட்டிப் போட்டார். அம்மையார் தடுக்கவில்லை.

மறுவாரம் லயத்து அடுப்பில் செய்தோம். மிஞ்சிக் கிடந்த ரொட்டி தீர்ந்தது. பிள்ளைகள் இன்னும் கேட்டார்கள். வீட்டில் வெங்காயம்தான் இல்லை.