பள்ளித் தோட்டம்: பாடமா, வேலையா?

(பாரிட் புந்தாரில் பெற்றோர் முன் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடத்தில் காய்கறித் தோட்டம் போடலாம் என்ற பேச்சு எழுந்ததுமே பெற்றோர் பலர் முகம் சுளிக்கிறார்கள். "நாங்கள் மண்வெட்டி பிடித்தது போதாதா? பிள்ளைகளுக்கும் அதேதானா?" என்று கேட்கிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டுச் சரித்திரம் இருக்கிறது.

1916ஆம் ஆண்டில் வின்ஸ்டெட் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஜாவாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் சென்று அங்குள்ள கிராமப் பள்ளிகளைப் பார்த்து வந்தார். மலாய்ப் பள்ளிகளில் தோட்டவேலையும் கூடை முடைதலும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் அபிப்பிராயம். 1922இல் நமது பேராக்கிலேயே, தஞ்சோங் மாலிமில், சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்தபோது இவ்விரண்டும் பாடமாயின. மீனவன் மகன் இன்னும் நல்ல மீனவனாகவும், உழவன் மகன் இன்னும் நல்ல உழவனாகவும் ஆனால் போதும் என்பதே அன்றைய ஆட்சியாளர் எண்ணம். அதற்கு மேல் படித்தால் அவன் கேள்வி கேட்பான் அல்லவா?

தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் கதை இன்னும் பரிதாபம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையும், வேறு வேலைக்கு நடுவே வந்து எழுத்துச் சொல்லித்தரும் கிராணியோ கங்காணியோதான் பள்ளி. ஜப்பான்காரன் காலத்தில் பிள்ளைகள் பள்ளித் திடல்களைக் கொத்தி மரவள்ளி நட்டார்கள். அது படிப்பல்ல, பஞ்சம்.

தமிழ்நாட்டிலும் இந்தச் சண்டை நடந்தது. 1953இல் ராஜாஜி அவர்கள் கிராமப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து நாடே கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் போயிற்று. போனது நல்லதே.

ஆகவே உங்கள் சந்தேகத்தை நாமும் பங்கிட்டுக் கொள்கிறோம். ஆனால் தோழர்களே, குற்றம் மண்ணினுடையதல்ல. பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக் கொண்டார்களே, அதுதான் குற்றம்.

நமக்குச் சோறு போட்ட பால் மரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 1877இல் இந்நாட்டுக்கு வந்த கன்றுகளில் ஒன்பது, குவாலா கங்சாரில் ஹியூ லோ என்ற ரெசிடெண்டின் வீட்டுத் தோட்டத்தில் நடப்பட்டன. பத்து ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கண்டபடி கொத்தாமல், பழைய வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவிவந்தால் மரமும் சாகாது, பாலும் கூடும் என்று கண்டுபிடித்தார். எப்படிக் கண்டார்? சீவினார், அளந்தார், எழுதி வைத்தார், மறுபடியும் சீவினார். அந்த வெட்டைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாக விடியற்காலை இருட்டில் வெட்டினோம். அளந்து எழுதும் வேலை துரைக்கு, சீவும் வேலை நமக்கு என்று பிரிந்து போயிற்று. பள்ளித் தோட்டத்தில் இரண்டும் ஒரே பிள்ளையின் கையில் இருக்கட்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். மூன்று மீட்டர் நீளப் பாத்தி. முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு வெண்டை விதை. ஒரு வரிசைக்கு எத்தனை விதை வேண்டும்? வகுப்பறையில் கேட்டால் நான்காம் ஆண்டுப் பிள்ளை 300ஐ 30ஆல் வகுத்துப் பத்து என்று சொல்லும். அதே பிள்ளை பாத்தியின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நட்டுப் பார்த்தால் பத்து விதை தீர்ந்த பிறகும் கடைசிக் குழி காலியாகக் கிடக்கும். பதினொன்று வேண்டும்! இடைவெளி வேறு, எண்ணிக்கை வேறு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறுகிறது. வேலி அடிக்கும் ஆசாரிக்கு இது தெரியும்; கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிட்டவர் பலர் இதில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறோம்.

பயற்றங்காய்ச் செடி ஒன்றை வேரோடு கெல்லி எடுக்கச் சொல்லுங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. ரப்பர் நிரைகளுக்கு நடுவே பியூரேரியாக் கொடியைத் தோட்ட நிர்வாகம் ஏன் படரவிட்டது என்பதற்கும் இதுதான் காரணம். அந்தக் கொடியில் கால் சிக்கி விழுந்த தாய்மார்கள் இங்கே இருப்பீர்கள். அது எதற்கு என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? இனி உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லட்டும்.

நம் ஊர் மண்ணும் ஒரு பாடம். பாரிட் என்றாலே மலாயில் வாய்க்கால். கிரியான் மாவட்டம் தாழ்ந்த பூமி, இறுகும் களிமண். புக்கிட் மேராவில் தண்ணீரைத் தேக்கி, 1906இல் முடிந்த நீர்ப்பாசனத் திட்டத்தால்தான் இந்த வட்டாரம் நெல் விளையும் பூமியாயிற்று. இங்கே பாத்தியை உயர்த்திக் கட்டாவிட்டால் ஒரு மழையில் வேர் அழுகும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயாலே பிள்ளைகள் மட்டம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வாத்தியார் வாய் வலிக்க வேண்டியதில்லை.

இனி நமது நிபந்தனைகள். தோட்டவேலையைத் தண்டனையாகக் கொடுக்கலாகாது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் புல் பிடுங்க அனுப்பினால் அது புல்லையும் வெறுக்கும், படிப்பையும் வெறுக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு பாடநேரம் போதும், அதுவும் ஆசிரியர் கூடவே நிற்க வேண்டும். விளைந்த கங்கோங் கீரையும் வெண்டையும் பிள்ளைகளின் வீட்டுக்கோ பள்ளிச் சிற்றுண்டிக்கோ போகட்டும். விற்றுப் பள்ளிச் செலவைச் சரிக்கட்டும் யோசனை வேண்டாம். காந்தியார் 1937இல் வார்தாவில் ஆதாரக் கல்வியைச் சொன்னபோது, பிள்ளைகளின் கைத்தொழில் பள்ளிச் செலவைத் தாங்க வேண்டும் என்றார். அந்த ஒரு இடத்தில் மகானோடும் நாம் ஒத்துப்போக முடியாது.

மருந்துப் பீச்சான் பள்ளிக்குள் வரவே கூடாது. பாரக்குவாட் விஷத்தை முதுகில் சுமந்து அடித்த பெண்கள் பட்ட பாட்டை இந்தச் சங்கம் அறியும். 2020ஆம் ஆண்டு தொடங்கித்தான் இந்நாட்டில் அது தடையாயிற்று. பூச்சியைப் பிள்ளைகள் கையால் பொறுக்கி, எண்ணி, எழுதட்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். இல்லாவிட்டால் வெண்டைக்கு முன்னால் ஏடிஸ் கொசு விளையும்.

நிலத்தைப் பற்றியும் கவனம் தேவை. சுதந்திரம் பெற்ற 1957இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, பள்ளிகள் சில மூடின, சில பட்டணத்துக்கு மாறின. இன்னும் பல பள்ளிகள் கம்பெனி நிலத்தில் நிற்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் பாத்தி வெட்டுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் துரை மாறினால் மாறும்.

கடைசியாக, ஆண்டிறுதி விடுமுறையில் பல வாரம் பள்ளி பூட்டிக் கிடக்குமே, யார் தண்ணீர் விடுவது? பெற்றோர் ஆசிரியர் சங்கம் இப்போதே முறை வைத்துப் பெயர் எழுதிக் கொள்ளட்டும். அத்தோடு வேலிக்குக் கம்பியும் வேண்டும். பள்ளித் தோட்டத்துக்குப் பெரிய பகை பூச்சியல்ல தோழர்களே, நாமே அவிழ்த்துவிடும் மாடுகள்தாம்.