மாட்டைக் கண்டு மிரளும் பிள்ளைகள்

விடுமுறைக்குக் கிராமத்துக்கு வரும் நகரத்துப் பிள்ளைகளில் சிலர், மாட்டைக் கண்டாலே அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வார்கள். "இதுக்கெல்லாமா பயப்படுறது?" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துப் போவோம். பயம் இரட்டிப்பாகும்.

அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் வேறு வழியைக் காட்டினார். பீட்டர் என்ற சிறுவனுக்கு முயல் என்றால் நடுக்கம். அவன் தனக்குப் பிடித்த பண்டத்தைச் சாப்பிடும் நேரத்தில், கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்தார். நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான்.

தொழுவத்திலும் இதையே செய்யலாம். முதலில் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். பிறகு வேலிக்கு இப்பால் நின்று அகத்திக்கீரையை நீட்டட்டும். சொரசொரப்பான நாக்கு விரலில் பட்டதும் சிரிப்பு வந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம். நேர் பின்னால் இருப்பது மாட்டின் கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று அங்கே போனால் மிரண்டு உதைத்துவிடும். பக்கவாட்டில், குரல் கொடுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

அதட்டினால் பயம் போகாது. பழகப் பழகத்தான் போகும். அதற்கான அவகாசத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்!